எத்தனை விடியல்?

பொக்காராவுக்கு முதல் முறை போனபோது எங்களுக்கு அங்கே ஒரே ஒரு விடியல்தான் கிடைத்தது. மே மாதம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. ஏழே நாளில் காத்மாண்டு, சித்வன், லும்பினி, பொக்காரா, நாகர்கோட் என்று நேபாளத்தின் ஐந்து ஊர்களைக் காட்டுவதாகச் சொன்ன டூர். காலை நாலரை மணிக்கு எழுப்பி, ஜீப்பில் ஏற்றி, சாராங்கோட் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிரே சாம்பல் நிறத் திரை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "அங்கேதான் இருக்கு" என்று ஓட்டுநர் வடக்கே கையை நீட்டினார். என் சின்ன மகள் வெகுநேரம் அவர் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் மங்கிய செம்புத்தட்டு போல வந்தது. மலை வரவில்லை. ஏழரை மணிக்கு அடுத்த ஊருக்கு வண்டி. இறங்கும் வழியில் தேநீர்க்கடை அம்மாள், எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். இன்றே கிளம்புகிறோம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் மகள் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

மலையைப் பார்க்காமல் திரும்பும் குழந்தைக்கு அவரால் கொடுக்க முடிந்தது அது.

தவறு எங்கே என்று ஊர் திரும்பிய பிறகுதான் யோசித்தேன். பயண ஏற்பாட்டாளர் சொன்ன ஊர்கள் எல்லாவற்றையும் காட்டிவிட்டார். ஊர்களை எண்ணி நாளைப் பங்கு போட்டது நாங்களும்தான். கோவில் நகரங்களுக்கு இந்தக் கணக்கு சரிப்படும். மதுரையில் கோபுரம் மேகத்துக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை. மலைநாட்டில் அப்படி இல்லை. அங்கே காட்சி என்பது பெரும்பாலும் விடிந்து மூன்று நான்கு மணி நேரம்தான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்று சூடாகி, ஈரத்தைச் சுமந்துகொண்டு சரிவுகளில் மேலேறும். பத்து, பதினொரு மணிக்குள் சிகரங்களின் இடுப்பில் மேகம் சுற்றிக்கொள்ளும். ஆகவே இமயத்தில் ஓர் ஊருக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறோம் என்று கேட்பதைவிட, எத்தனை விடியல் ஒதுக்குகிறோம் என்று கேட்பதே சரி. ஓர் இரவு தங்கினால் ஒரு விடியல். அது மூட்டமாகிவிட்டால் அந்த ஊரை நாம் பார்க்கவே இல்லை.

இரண்டாம் முறை போனது நவம்பரில். அறுபத்தெட்டு வயது அத்தை கூட வந்தார். உண்மையில் அவருக்காகத்தான் போனது. அத்தைக்கு வாழ்நாள் ஆசை முக்திநாத். நூற்றெட்டு வைணவத் திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று போற்றப்படும் தலம், திருமங்கையாழ்வார் பாடியது. அந்தப் பாசுரங்களைச் சிறு வயதிலிருந்து சொல்லிவருபவர் அவர். எந்தெந்த ஊர் என்று காகிதத்தில் எழுதத் தொடங்கியபோது, பெயர்களுக்கு எதிரே இந்த முறை விடியல்களின் எண்ணிக்கையைப் போட்டேன். பந்திபூர் இரண்டு. பொக்காரா நான்கு. மார்பா இரண்டு. முக்திநாத் ஒன்று. எந்த ஊருக்கும் சேராமல் இரண்டு. காத்மாண்டுவுக்கு மிஞ்சியது இரண்டே. "பசுபதிநாதருக்கு ஒரு காலை போதும்டா, அவர் எங்கேயும் ஓடிப்போக மாட்டார்" என்றார் அத்தை.

காலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். நமக்கு நீண்ட விடுமுறை மே மாதத்தில். நேபாளத்தின் நடுமலைகளில் மழைக்கு முந்தைய மார்ச், ஏப்ரல், மே மாதங்கள் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்த காலம். லாலிகுராஸ் என்று அங்கே சொல்லும் ரோடோடெண்ட்ரான் பூக்கள் மார்ச், ஏப்ரலில் கோரேபானி காடுகளைச் சிவப்பாக்கும் என்பது உண்மை. பூவுக்காகப் போகிறவர்கள் அப்போது போகலாம். தூரத்துப் பனிமலைக்காகப் போகிறவர்கள் போகக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த நாட்களில் சாலையே ஆபத்து: 2024 ஜூலையில் ஒரு நாள் விடிவதற்கு முன், சித்வன் மாவட்டத்துச் சிமல்தாலில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு போனது. மழை மாதங்களில் அங்கே இரவுப் பேருந்தில் குடும்பத்தோடு ஏறாதீர்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சத் தயார். மழை கழுவிவிட்ட வானம் அக்டோபர், நவம்பரில் திறக்கிறது. அக்டோபரில் பெரும்பாலும் தசாயின் வந்துவிடும். நம் நவராத்திரி நாட்களே அது. நாடே சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கும், பேருந்தில் இடம் கிடைக்காது. நவம்பர்தான் என் தேர்வு. பள்ளிப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு அரையாண்டு விடுமுறையில் டிசம்பர் கடைசி வாரம் கைகொடுக்கும்: பொக்காரா, பந்திபூர் போன்ற தாழ்ந்த ஊர்களில் குளிர் தாங்கக்கூடியது, வானம் பெரும்பாலும் தெளிவு. மேலே முக்திநாத் அப்போது உறையும்.

பந்திபூரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது வழியில் இருந்தது என்பதுதான். காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு இருநூறு கிலோமீட்டர். மலைச்சாலையில் ஆறு முதல் எட்டு மணி நேரம், சாலைப் பணி நடந்தால் இன்னும் கூட. வயதானவரை ஒரே மூச்சில் உட்கார்த்தி வைக்க மனம் வரவில்லை. சாலையில் உள்ள தும்ரேயில் பிரிந்து ஏறினால், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு முதுகுபோன்ற மலைமேட்டில் நேவார் வணிகர்கள் கட்டிய பழைய கடைத்தெரு. இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே சரக்கு நடந்துபோன நாளில் செழித்த ஊர். 1970களில் நெடுஞ்சாலை கீழே போனதும் வியாபாரம் இறங்கிப்போய்விட்டது. அதனாலேயே செதுக்கிய மரச்சன்னல்களும் கல் பாவிய தெருவும் அப்படியே தங்கின. அந்தத் தெருவில் வண்டிகள் போவதில்லை. காலையில் அத்தை வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் தன் முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கடுகை முறத்தில் வைத்துப் புடைப்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. பந்திபூருக்கு வடக்கே அன்னபூர்ணா முதல் மனாஸ்லு வரை மலைத்தொடர் தெரிந்தது. அத்தை அதை ஒரு முறை பார்த்துக் கும்பிட்டுவிட்டு முறத்துக்குத் திரும்பினார்.

பொக்காராவில் முதல் இரண்டு விடியலும் மூட்டம். பெவா ஏரி மட்டும் தெரிந்தது, நடுவில் தால் பராஹி கோவில் தீவு, துடுப்புப் படகுகள். முன்பென்றால் எனக்குள் பதற்றம் ஏறியிருக்கும். இப்போது பையில் இன்னும் இரண்டு விடியல் இருந்தன. மூன்றாம் நாள் ஐந்தே முக்காலுக்கு எழுந்து மாடிக்குப் போனேன். வடக்கே மேகம் இருந்தது. மலை இல்லையென்று திரும்பப் பார்த்தேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த விடுதிப் பையன் என் தாடையைத் தொடாத குறையாகக் கையை உயர்த்திக் காட்டினான். நான் தேடிய இடம் தாழ்வாக இருந்திருக்கிறது. தொடுவானத்தில் தேடிக்கொண்டிருந்தேன், மச்சபுச்சரே சிகரம் அந்த மேகத்துக்கு வெகு மேலே, வானத்தில் மட்டுமே இருக்க முடியும் என்று நாம் நினைக்கும் இடத்தில், இளஞ்சிவப்பாய் நின்றது. அத்தையை எழுப்பிக் கைபிடித்துக் கூட்டிவந்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு நாளா இவ்வளவு கிட்டயா இருந்தது?"

கிட்டத்தான். பொக்காரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்குள் நிலம் 6,993 மீட்டருக்கு எழுந்துவிடுகிறது. இடையில் கண்ணை மறைக்க வேறு பெரிய தொடர் இல்லை. இவ்வளவு தாழ்வான, வெதுவெதுப்பான இடத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்தபடி இவ்வளவு பெரிய பனிமலையைப் பார்ப்பது உலகில் மிகச் சில இடங்களில்தான் முடியும். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கும் முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான் தயங்காமல் சொல்லும் ஊர் இது. மச்சபுச்சரே என்றால் மீன்வால். பொக்காராவிலிருந்து ஒற்றைக் கூம்பாகத்தான் தெரியும். இரட்டை நுனி கொண்ட மீன்வாலைக் காண வேண்டுமென்றால் மேற்கே குருங் மக்களின் காந்த்ருக் கிராமத்துப் பக்கம் போக வேண்டும். சிவனுக்குரிய மலை என்பதால் அதில் ஏற அனுமதியில்லை. 1957இல் ஏறிய பிரிட்டிஷ் குழுவும் உச்சியைத் தொடாமல் சற்றுக் கீழேயே நின்று திரும்பியது. பக்கத்திலிருக்கும் அன்னபூர்ணாவோ, எட்டாயிரம் மீட்டர் மலைகளில் மனிதன் முதலில் ஏறியது. 1950 ஜூன் 3, பிரெஞ்சுக்காரர்கள் எர்சோக்கும் லாஷ்னலும். ஒன்று மிதிபட்டது, ஒன்று மிதிபடாதது. இரண்டையும் ஒரே சாளரத்தில் பார்த்துக்கொண்டு அத்தை காபி குடித்தார்.

அடுத்தது உடம்பின் கணக்கு. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம் இருபது நிமிடத்தில் கொண்டுபோய்விடும். அங்கிருந்து ஜீப்பில் அன்றே முக்திநாத் போய்விடலாம். பலரும் அப்படித்தான் போகிறார்கள். 800 மீட்டரில் இருந்த உடம்பை அரை நாளில் 3,700 மீட்டருக்கு மேல் ஏற்றுவது அது. தலைவலியும் வாந்தியும் வந்து, சன்னிதி வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களை என் கண்ணால் பார்த்தேன். சுமார் 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. அதனால்தான் ஜோம்சோம் பக்கத்து மார்பாவில் இரண்டு இரவு. நம் தொட்டபெட்டாவின் உயரம்தான் அந்த ஊர். முக்திநாத் அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். விதிப்படி அதுவும் அதிகம்தான். ஆகவே அங்கே போன நாளில் மெல்ல நடந்தோம், தண்ணீர் நிறையக் குடித்தோம், தலை வலித்தால் உடனே இறங்கிவிடுவது என்று ஓட்டுநரிடம் முன்பே பேசி வைத்திருந்தோம்.

எங்கள் விமானம் முதல் நாள் ரத்தானது. ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும். காரணம் காலி கண்டகிப் பள்ளத்தாக்கின் காற்று. அன்னபூர்ணாவுக்கும் தௌலாகிரிக்கும் நடுவே ஓடும் அந்தப் பிளவின் வழியாக, திபெத்திய மேட்டுநிலம் வெயிலில் சூடாகும்போது சமவெளிக் காற்று மேலே இழுக்கப்படுகிறது. முற்பகல் தாண்டினால் கூழாங்கல் பறக்கும். ஊருக்குச் சேராமல் வைத்திருந்த இரண்டு விடியல்களில் ஒன்று இங்கே செலவானது. அன்று விமான நிலையத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். அவர்களுக்கு மறுநாள் காத்மாண்டுவிலிருந்து திரும்பும் விமானம். முக்திநாத்தைப் பார்க்காமலே அவர்கள் போனார்கள். அந்த அம்மாள் வடக்கே பார்த்துக் கும்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்பா வெள்ளையடித்த வீடுகளின் ஊர். தட்டையான மொட்டை மாடிகளில் விளிம்பு நெடுக விறகு அடுக்கியிருப்பார்கள். ஆப்பிள் தோட்டங்கள். பொக்காராவுக்கு மேற்கே லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அன்னபூர்ணா மலைத்தொடரைத் தாண்டியதும் ஜோம்சோமில் 300 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பச்சை மலையிலிருந்து மொட்டை மண் மலைக்கு, வேறு நாட்டுக்கு வந்துவிட்டதுபோல இருக்கும். பசுமைதான் அழகு என்று வளர்ந்த நம் கண்ணுக்கு இந்த மண் நிற மலைகள் முதல் நாள் வெறுமையாகத் தெரிகின்றன. இரண்டாம் நாள் காலை அவற்றில் செம்மை, சாம்பல், ஊதா என்று நிறம் பிரிந்தது. இரண்டாம் விடியல் இல்லாதவனுக்கு அது வெறும் மொட்டைமலைதான்.

முக்திநாத்தில் நூற்றெட்டு நீர்த்தாரைகள் காளைமுகங்களிலிருந்து விழுகின்றன. அத்தை குளிக்கவில்லை, நான் விடவில்லை. ஒவ்வொரு தாரையிலும் கையை நனைத்துக்கொண்டு, பாசுரம் சொல்லிக்கொண்டே நடந்தார். அந்தக் கோவிலைப் பேணுவதில் பௌத்தப் பெண் துறவிகளுக்கும் பங்குண்டு. ஒருவர் வந்து அத்தையின் விறைத்த கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். திரும்பும் வழியில் காக்பேனியில் ஆற்றோரம் சாளக்கிராமம் விற்றார்கள். கறுப்புக் கல்லுக்குள் சுருண்டு கிடப்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் புதைபடிவம். இமயம் எழுவதற்கு முன் அங்கே டெதிஸ் கடல் இருந்தது. அத்தையிடம் சொன்னேன். "கடல்ல இருந்தவர்தானே அவர்" என்றார்.

நண்பர்கள் இப்போது என்னிடம் நேபாளத்துக்கு ஊர்ப் பட்டியல் கேட்கிறார்கள். எவரெஸ்ட்டைக் காண நடக்க முடியாதவர்களுக்குக் காத்மாண்டுவிலிருந்து காலையில் ஒரு மணி நேர மலைக்காட்சி விமானம் உண்டு. அதையும் கடைசி நாளில் வைக்காதீர்கள். கால் வலுவுள்ளவர்கள் 3,210 மீட்டர் பூன் ஹில்லுக்கு நடக்கலாம். மேற்கே ராரா ஏரியைப் பார்க்க வாரக்கணக்கில் நாள் இருந்தால் மட்டும் நினையுங்கள். இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். மற்றதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் நீங்களே செய்ய வேண்டும். பட்டியலில் இருக்கும் ஊர்களில் பாதியை அடித்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட் எடுக்கும்போது தேதியை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.