அப்பாவிடமே கேட்டோம்

ஜூன் 4
பயாப்சி முடிவு வந்துவிட்டது. புராஸ்டேட் புற்றுநோய். நோயின் வீரியத்தைக் காட்டும் க்ளீசன் மதிப்பெண் 4+4. ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 112. எலும்பு ஸ்கேனில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் நோய் பரவியிருப்பது தெரிகிறது. அப்பாவுக்கு 78 வயது. ராத்திரியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடிக்கடி கொல்லைப்பக்கம் போய்வருவார். கேட்டால், "வயசானா அப்படித்தாம்மா" என்பார். முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார். மகளிடம் சொல்லக் கூச்சம்.

தம்பி போனில் அழுதான். "அப்பாட்ட சொல்ல வேணாம்க்கா. இந்த வயசுல ஊசி, ஆபரேஷன்னு ஏன் அவரைப் படுத்தணும்?" பாசத்தில் சொல்கிறான். ஆனாலும் எனக்கு இதில் சம்மதமில்லை. உடம்பு அவருடையது.

ஜூன் 9
டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, கையை ஊணாம எந்திரிச்சு அந்தக் கதவுவரைக்கும் நடந்துட்டு வந்து உக்காருங்க." தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அடுத்து மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். தாளில் ஒரு கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னார். அப்பா நிதானமாக வட்டம் போட்டு, எண்களை எழுதி, முள்ளும் வைத்தார். மூன்று சொற்களையும் திருப்பிச் சொன்னார். பசி எப்படி, எடை குறைந்ததா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்டார் டாக்டர். வயதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, உடலின் தெம்பைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முதியோர் புற்றுநோய்க்கான சர்வதேச மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலாம். எத்தனை நியாயமான பேச்சு!

பிறகு நோயின் பெயரை அப்பாவிடமே சொன்னார். அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. "படுத்த படுக்கையா ஆயிடுவேனா? வலி போகுமா?" இந்த இரண்டைத்தான் கேட்டார்.

ஜூன் 12
இந்த நோய்க்குத் தீனி ஆண் ஹார்மோன். விதைகளை எடுத்துவிட்டால் நோய் அடங்கும் என்பதை 1941இல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் அடிப்படை அதுதான். ஆயுள் முழுக்க மூன்று மாதத்துக்கொரு ஊசி போடலாம், அல்லது ஒரே ஒரு சின்ன ஆபரேஷன். வழக்கமாகப் போடும் ஊசி முதல் சில நாட்கள் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அது ஆபத்து என்பதால் முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். ஆபரேஷனில் அந்தத் தொல்லை இல்லை, செலவும் குறைவு.

டாக்டர் இதையெல்லாம் விளக்கியபோது தம்பி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அப்பாதான் சொன்னார்: "ஊசிக்குன்னு உங்களை அலையவிட மாட்டேன். ஆபரேஷனே பண்ணிடுங்க."

ஜூன் 27
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி மிச்ச ஹார்மோனையும் அடக்க, தினமும் வெறும் வயிற்றில் அபிராட்டிரோன் மாத்திரை, கூடவே பிரட்னிசோலோன். பி.பி., பொட்டாசியம், கல்லீரல் மூன்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

அப்பாவின் சிநேகிதர் பார்க்க வந்தார். அவருக்கும் இதே நோய், ஆனால் க்ளீசன் 6, சுரப்பிக்குள்ளேயே அடங்கியது. மருந்தில்லை; பரிசோதனை மட்டும்தான். "என்னை மட்டும் ஏன் சும்மா விட்டாங்க?" என்று கவலைப்பட்டார். பிரிட்டனில் 1,643 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்தப் பிரிவில் இருந்தாலும் 15 ஆண்டுகளில் சுமார் 97 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்கவில்லை. அவர்கள் 50 முதல் 69 வயதுக்குள் சேர்ந்தவர்கள், நோய் சுரப்பியைத் தாண்டாதவர்கள். அப்பாவின் சிநேகிதரிடம் அதைச் சொன்னேன். கண்காணிப்பும் வைத்தியம்தான்.

செப்டம்பர் 18
பி.எஸ்.ஏ. இரண்டுக்குக் கீழே. முதுகுவலி இல்லை. ஆனால் திடீர் திடீரென்று உடம்பு அனலாகி வேர்த்துக் கொட்டுகிறது. துண்டும் விசிறியுமாக உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் களைக்கிறார், சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறார். ஹார்மோன் குறைந்தால் எலும்பும் தசையும் மெலியும் என்பதால் கால்சியம், வைட்டமின் டி, சாயங்கால நடை. வைத்தியத்தின் விலை இது. அப்பா தெரிந்தே ஒப்புக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்த நோய் இருந்தால் அவரிடம் மறைக்காதீர்கள், அவரையே கேளுங்கள். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.