மலையடிவாரத்துக் குழம்புக் கடை

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் கிருஷ்ணன்கோவிலில் திரும்பினால் வத்திராயிருப்பு. அங்கிருந்து மலையைப் பார்த்துப் போனால் மகாராஜபுரம். சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்கள் தாணிப்பாறை அடிவாரத்துக்கு இந்தப் பக்கமாகத்தான் வேனிலும் பேருந்திலும் போகிறார்கள். ஊருக்குள் இறங்கி நடப்பவர்கள் குறைவு. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நெல்வயல், இவற்றுக்கெல்லாம் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. மழை பெய்து ஓய்ந்த காலையில் மலையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

இந்த ஊரில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பெஞ்சு, சுவரில் ஒரு சாமி காலண்டர். நெருக்கி உட்கார்ந்தால் பன்னிரண்டு பேர் சாப்பிடலாம். நடத்துவது ஓர் அக்காவும் அவருடைய நாத்தனாரும். விறகு பிளப்பது, கடைக்குச் சாமான் வாங்கி வருவது, கணக்குப் பார்ப்பது அக்காவின் வீட்டுக்காரர். பெயரை எழுத வேண்டாம் என்று மூவருமே கேட்டுக்கொண்டார்கள். "எதுக்குய்யா பேரு? சாப்பிட வர்றவுகளுக்குத் தெரியும்" என்றார் அக்கா.

அங்கே நான் போனது குழம்புக்காக. சோறும் ரசமும் மோரும் எல்லாக் கடையிலும் உண்டு. இங்கே தினமும் மூன்று குழம்பு கொதிக்கிறது. பருப்பும் காயும் போட்ட சாம்பார் ஒன்று. புளிக்குழம்பு ஒன்று. மூன்றாவது நாளுக்கு நாள் மாறும்: மொச்சைக் கருவாட்டுக் குழம்பு, தட்டைப்பயறும் கத்திரிக்காயும், கண்மாய் மீன் கிடைத்தால் மீன் குழம்பு, புதனும் ஞாயிறும் குடல் குழம்பு. சாப்பாடு 80 ரூபாய். குடலோ மீனோ வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

விடிவதற்கு முன்பே அடுப்படியில் இருக்க அனுமதி கேட்டேன். அக்கா யோசித்துவிட்டு, "இருங்க. ஆனா வேல நடக்கும்போது கேள்வி கேக்கக் கூடாது" என்றார். நியாயமான நிபந்தனை.

நாலரை மணிக்கு வாளியில் குடல் வந்து இறங்கிவிட்டது. சமையலில் பாதி வேலை கழுவுவதுதான் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். சொரசொரப்பான இரைப்பைப் பகுதியைச் சுடுநீரில் முக்கி எடுத்து, சூடு ஆறும் முன் கத்தியின் முதுகால் சுரண்டுகிறார்கள். கறுப்புத் தோல் உரிந்து உள்ளே வெள்ளை தெரிகிறது. நீர் கொதித்துத் தளதளக்கும்போது முக்கினால் தோல் கெட்டிப்பட்டு உரியாமல் போகும். சூடு போதாவிட்டாலும் உரியாது. அந்தப் பதத்தை நாத்தனார் தண்ணீரில் விரலை வைத்து எடுத்தே முடிவு செய்கிறார். குழாய்க் குடலுக்கு வேறு வித்தை. ஈர்க்குச்சியின் முனையில் குடலின் ஒரு நுனியை மடக்கி வைத்துத் தள்ள, உள்பக்கம் முழுக்க வெளியே வந்துவிடுகிறது, கால்சட்டையைத் திருப்பிப் போடுவது மாதிரி. பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்து அலசுகிறார்கள். கழுவிய தண்ணீர் தெளிகிறவரை திரும்பத் திரும்ப அலசல். கடைசியில் அக்கா ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பார்க்கிறார். அன்று தலையை ஆட்டினார். இன்னொரு முறை கழுவினார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மசாலாவுக்கு வத்தல் இரண்டு வகை. ராமநாதபுரத்து முண்டு வத்தல் நிறத்துக்கும் மணத்துக்கும், நீட்டு வத்தல் காரத்துக்கு. முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டைப் பற்றி அக்காவுக்குப் பெரிய அக்கறை இல்லை, வத்தல் பழசா புதுசா என்பதுதான் அவருக்குக் கேள்வி. சரக்கு விருதுநகரிலிருந்து வருகிறது. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு விருதுநகர் பெரிய சந்தை; அந்தச் சந்தையின் விலை நிலவரத்தைப் பத்திரிகைகள் தனியாகப் போடும். அதை அக்காவின் வீட்டுக்காரர் விடாமல் படிக்கிறார். மற்றக் குழம்புகளுக்குக் கிரைண்டரில் அரைத்தாலும் குடல் குழம்புக்கு மட்டும் அம்மிதான். சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, சோம்பு, வறுத்த வத்தல், மல்லி, கடைசியில் தேங்காய். அம்மியில் நசுங்குகிற வெங்காயம் சாறு விட்டுக்கொண்டு மசாலாவோடு குழைகிறது. அந்த மணம் தெருமுனை வரைக்கும் போகும்.

அடுப்பு வெளியே, கல் கூட்டிய அடுப்பு. விறகு காய்ந்த சீமைக்கருவேலம். குக்கர் வைக்கலாமே என்று, வேலை நேரம் முடிந்த பிறகு, கேட்டேன். "குக்கர்ல வச்சா வெந்துரும். சேராது" என்றார் அக்கா. இரண்டே வாக்கியத்தில் அவர் சொன்னதற்கு வேதியியல் நீளமாக விளக்கம் தரும். குடலிலும் சவ்விலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் மெதுவான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் கரைந்து கூழாகிறது. அதுதான் சாற்றுக்கு உடம்பு கொடுக்கிறது. அழுத்தத்தில் வைத்தால் அதுவும் சீக்கிரமே கரைந்துவிடும்தான். ஆனால் மசாலா குடலுக்குள் இறங்கவும், மேலே மிதக்கிற கொழுப்பை அவ்வப்போது வழித்து எடுக்கவும், உப்பையும் காரத்தையும் நடுவே திருத்தவும் மூடிய பாத்திரத்தில் வழியில்லை. இரண்டரை மணி நேரம் அந்தக் குண்டான் மெல்லக் கொதித்தது. விறகை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும்தான் தணலைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அக்கா வேறு வேலையில் இருந்தாலும் குண்டானின் சத்தம் மாறினால் திரும்பிவிடுகிறார்.

புளிக்குழம்புக்குப் பழம்புளி. மாசி, பங்குனியில் உலுக்கிய புதுப்புளியை உப்புப் போட்டு உருட்டிப் பானையில் அடைத்து, ஒரு வருசம் கழித்து எடுத்தால் நிறம் கறுத்துப் புளிப்பு அடங்கியிருக்கும். நல்லெண்ணெயில் வெந்தயமும் பூண்டும் வெங்காயமும் வதங்கி, புளி ஊற்றி, பச்சை வாடை போய், எண்ணெய் பிரிந்து மேலே வருகிறவரை நிற்க வேண்டும். கருவாட்டுக் குழம்பானால் கருவாட்டைக் கடைசியில்தான் போடுவது. போட்ட பிறகு கரண்டி போடாமல் பாத்திரத்தைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுகிறார்கள். துண்டு உடையக் கூடாது.

இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு ஜப்பானியச் சிறு கடைகள் நினைவில் வந்துகொண்டே இருந்தன. வேலை முடிந்து வீடு திரும்பும் மனிதர்கள் ஒரு மணி நேரம் ஒதுங்கி, ஒரு கிண்ணம் சாறும் கொஞ்சம் அரிசி மதுவும் எடுத்துக்கொள்கிற இசகாயாக்கள். அங்கேயும் பேர்பெற்றது குடல்தான். மாட்டுக் குடலையும் சவ்வையும் பெரும்பாலும் மிசோவில் மணிக்கணக்காகக் கொதிக்க வைக்கும் குழம்புக்கு நிகோமி என்று பெயர். டோக்கியோவில் மூன்று கடைகளை அதற்கு மூப்பர்களாக ரசிகர்கள் எண்ணுகிறார்கள்: கிதாசென்ஜூவில் 1877-இல் தொடங்கிய ஓஹாஷி, மொரிஷிதாவில் 1925-இல் தொடங்கிய யாமாரிகி, த்சுகிஷிமாவில் இருக்கும் கிஷிதாயா. நல்ல கறி வாங்க முடியாதவர்களின் சாப்பாடு அது. வசதியுள்ளவன் தள்ளிய பாகத்தைக் கழுவி, நேரத்தைச் செலவழித்து, ருசியாக்கிய கை உழைப்பாளியின் கை. மகாராஜபுரத்துக் குண்டானும் அதே காரணத்துக்காகத்தான் கொதிக்கிறது. மது மட்டும் இங்கே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கள்ளுக்கடைகளில் கப்பையும் மீன்கறியும் கள்ளோடு சேர்ந்து வரும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அக்கா கடையில் யாராவது குடித்துவிட்டு வந்தால், சோறு உண்டு, பேச்சு இல்லை.

ஜப்பானில் சில கடைகள் நேற்றைய சாற்றைக் கொட்டாமல் இன்றைய பானையோடு சேர்த்துக்கொள்கின்றன. நம் ஊரில் அதைச் சுண்டக் குழம்பாக்குகிறோம். இரவு மிஞ்சிய புளிக்குழம்பை மண்சட்டியில் மாற்றித் தணலில் வைத்துவிட்டால், விடியும்போது அள்ளி எடுக்கிற பதத்துக்கு வந்திருக்கும். காலை ஏழு மணிக்கு வயலுக்குப் போகிறவர்கள் பழைய சோற்றோடு அதைத்தான் கேட்கிறார்கள். முதலில் தீர்ந்துபோவதும் அதுதான். நாற்று நடப் போகிற ஓர் அம்மா தூக்குவாளியை நீட்டி, "மதினி, அடியில இருக்கிறத வழிச்சுப் போடுங்க" என்றார். அடியில் பிடித்ததற்குத்தான் மவுசு.

மத்தியானக் கூட்டம் வேறு. அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்கள், தேங்காய் வெட்டுகிறவர்கள், கொத்தனார்கள், பிளவக்கல் அணைப் பக்கம் வேலைக்குப் போய்வருகிறவர்கள். இவர்கள் ருசி தெரிந்தவர்கள். உப்பு ஒரு கல் கூடினாலும் சொல்லிவிடுவார்கள். ஒருவர் முதல் வாயிலேயே, "என்னக்கா, இன்னைக்குப் புதுப்புளியா?" என்று கேட்டார். பழம்புளிப் பானை தீர்ந்து, அன்றைக்குக் கொஞ்சம் புதுசைக் கலந்திருந்தார்கள். இப்படிச் சாப்பிடுகிறவர்கள் இருப்பதால்தான் இந்தக் கை தளராமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அமாவாசை, பௌர்ணமி, பிரதோசம் வந்தால் கடையில் கவிச்சி கிடையாது. மலைக்கு மாலை போட்டவர்களும் விரதக்காரர்களும் வருவார்கள். முதல் நாளே பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, வேறு குண்டான்களை எடுக்கிறார்கள். மோர்க்குழம்பு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, பூசணிக்காய் சாம்பார். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரியில் கூடும் கூட்டம் தென்மாவட்டம் அறிந்தது. அந்த நாட்களில் மூவருக்கும் உட்காரக்கூட நேரம் இருக்காது.

இனி எனக்கு வருத்தம் தருகிற பகுதி. இந்த வேலையை நாம் தொழிலாக மதிப்பதில்லை. பரோட்டா போடுகிறவரை மாஸ்டர் என்கிறோம், அவருக்குச் சம்பளமும் அதற்கேற்ப. அவர் உழைப்புக்கு அது தகும். அதே அளவு நுணுக்கத்தோடு மூன்று குழம்பைத் தனியாக நின்று நடத்துகிற பெண்ணை எந்த ஓட்டலும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை, மாஸ்டர் சம்பளமும் கொடுப்பதில்லை. காரணம் தெரிந்ததுதான். இதே வேலையை அவர் வீட்டில் சும்மா செய்கிறார். மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, பெண்களின் வீட்டு உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று அரசே வெளிப்படையாகச் சொன்னது. சந்தை இன்னும் அதைச் சொல்லவில்லை. வீட்டில் விலையில்லாத வேலை கடைக்கு வந்தாலும் விலை குறைவாகவே இருக்கட்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்க்கிறார்.

அக்காவின் கணக்கு நெருக்கடியானது. விறகு போக மற்றச் சமையலுக்கு, கடை என்பதால் 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும்; அதன் விலை எப்போது ஏறும் என்று தெரியாது. வத்தலும் நல்லெண்ணெயும் ஏறினால் இறங்குவது அபூர்வம். சாப்பாட்டு விலையில் 10 ரூபாய் கூட்டியபோது பழகிய முகங்களே முணுமுணுத்தன என்றார் நாத்தனார். அதே ஆட்கள் வழியில் ஒரு குளிர்பானத்துக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "கறி விலை ஏறுனா ஏத்துக்கிடுதாக. எங்க கை வலிக்கு ஏத்துனா ஏத்துக்கிட மாட்டாக" என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை. எனக்கு இருந்தது.

அடுத்து யார் செய்வார்கள் என்றும் கேட்டேன். அக்காவின் மகள் நர்சிங் படிக்கிறார், இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அதில் அக்காவுக்குச் சந்தோசம்தான். ஆனால் ஈர்க்குச்சியில் குடல் திருப்புகிற வேலை நாத்தனாரோடு நின்றுவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தோம், அதன் பெயர் பிழைத்தது. இந்தக் கைவேலை பிழைக்க யாராவது கற்றுக்கொள்ள வேண்டும். நம் சமையற்கலைக் கல்லூரிகளோ பிரெஞ்சு சாஸ் வகைகளை வரிசையாகச் சொல்லித்தருகின்றன. இப்படிப்பட்ட அடுப்படிகளுக்கு மாணவர்களை ஒரு மாதம் அனுப்பி, சொல்லித்தரும் அக்காக்களுக்கு ஆசிரியர் சம்பளம் கொடுத்தால் என்ன? செலவு பெரிதில்லை.

சதுரகிரிக்கோ பிளவக்கல்லுக்கோ போகிறவர்கள் மகாராஜபுரத்தில் இறங்கி, எந்தத் தெருவில் குழம்பு மணக்கிறது என்று விசாரித்துப் போங்கள். ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், குடல் அதற்குமேல் நிற்காது. அமாவாசை, பௌர்ணமி, பிரதோசத்தில் கவிச்சி கேட்காதீர்கள். விலை கேட்டால் சொல்வார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.