ஒரு வாசல், இரண்டு அடுப்பு

(மாணவி, இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

'வீடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. குடியிருக்கும் இல்லம் ஒன்று, விடுதலை மற்றொன்று. அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தியபோது நான்காவதாக நின்றது இந்த இரண்டாவது பொருளே. குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு விடுதலையும் கிடைக்குமா? கிடைக்கும் என்பதற்கு எங்கள் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஒரு சான்று நிற்கிறது. அதன் பெயர் சாளை.

சாளை என்றதும் கடற்கரை ஊரைச் சேர்ந்த தோழி ஒருத்தி சிரித்துவிட்டாள். அவள் ஊரில் அது மீனின் பெயராம்! எங்கள் பக்கத்தில் தோட்டங்காட்டில் உள்ள குடியிருப்பைச் சாளை என்போம். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல் இன்னும் குறுகி, பெரிய வீட்டின் தென்புறச் சுவரை ஒட்டி எடுத்த சின்ன வீட்டுக்கு மட்டும் பெயராக நின்றுவிட்டது.

எங்கள் தோட்டம் சத்தியமங்கலத்துக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. 1948இல் தொடங்கி 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையின் தண்ணீர் வந்த பிறகுதான், கம்பும் சோளமும் விளைந்த எங்கள் காட்டில் மஞ்சளும் மல்லிகையும் தலைகாட்டின என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாசலில் நின்று வடக்கே பார்த்தால், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளைச் சுமந்துகொண்டு திம்பம் மலை நீலமாகத் தெரியும்.

பெரிய வீடு என்றதும் அரண்மனையைக் கற்பனை செய்துவிடாதீர்கள். மண் சுவர், நாட்டு ஓடு, முன்னால் ஆசாரம், உள்ளே இருட்டான ஓர் அறை, அதற்கு மேல் தவசம் போட்டு வைக்க அட்டாலி, பின்னால் பொடக்காலி, பக்கத்தில் கட்டுத்தாரை. இவ்வளவுதான். சாளையோ அதனினும் சிறியது. ஓர் அறை; அதை ஒட்டி ஒரு சாய்ப்பு; சாய்ப்பில் அடுப்பு, அம்மி, ஆட்டாங்கல். சில ஆண்டுகளுக்கு முன் அதற்கென்று தனியாக ஒரு கழிப்பறையும் கட்டினோம். முன்பு ஓலை வேய்ந்திருந்த கூரை இப்போது சீமை ஓடாக மாறியிருக்கிறது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து நாடெங்கும் பரவிய ஓட்டு வகை இது. இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்று. ஆனால் படி வேறு, கதவு வேறு, அடுப்பு வேறு.

அடுப்பு

என் அப்பாவுக்குக் கலியாணமான ஆண்டே அப்பாரும் ஆத்தாளும் பெரிய வீட்டை விட்டுச் சாளைக்குப் போய்விட்டார்கள். சண்டையில்லை, சச்சரவில்லை. புதுப்பெண் வந்தால் பெரியவர்கள் ஒதுங்கி வழிவிடுவது எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களில் உள்ள வழக்கம். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் ஊதுகுழல் பிடித்தால் புகை அதிகம் வரும் என்று அந்தக் காலத்தவர் அறிந்திருந்தார்கள் போலும்!

அப்பாரு காலமான பிறகும் ஆத்தாள் தன் அடுப்பை அணைக்கவில்லை. "ஏனுங் ஆத்தா, ரெண்டு எடத்துல எதுக்குச் சோறாக்கணும்? நம்மூட்டுலயே ஒண்ணா சாப்பிட்டுக்கலாமில்லீங்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நானா ஆக்கி நானா குடிச்சா, உப்புப் பத்துலன்னு ஆரையும் சொல்ல வேண்டியதில்ல அம்முணி. அடுத்த அடுப்புச் சோத்துல உப்பு இல்லீன்னாலும் நல்லாருக்குதுன்னுதான் சொல்லோணும்" என்றாள்.

முதுமையின் மானம் முழுவதும் அந்த ஒரு கல் உப்பில் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அடுப்பு இரண்டு என்பதால் அன்பு இரண்டாகிவிடவில்லை. சாளையில் கொள்ளுப்பருப்புக் கடைகிற நாளில் அம்மா ரசம் வைக்கமாட்டார். பெரிய வீட்டில் சந்தகை பிழிந்தால் முதல் வட்டல் சாளைக்குத்தான் போகும். ஒறம்பரை வந்தால் ஆசாரத்தில் உட்காருவார்கள். காப்பி எந்த அடுப்பிலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

சுருக்குப்பை

அடுப்பு மட்டும் இருந்தால் போதுமா? அதில் வைக்க அரிசி வேண்டாமா? அப்பாரு அதற்கும் வழி செய்துவிட்டுத்தான் போனார். ஓர் எருமையும், கிணற்றோரத்தில் சிறு துண்டு மல்லிகைத் தோட்டமும் ஆத்தாளுக்கு என்று ஒதுக்கியிருந்தார். எருமைப் பால் சொசைட்டிக்குப் போகும். மல்லிகையோ விடியுமுன் பறிக்க வேண்டிய மொட்டு; மலர்ந்துவிட்டால் விலை இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பூப்பறிக்கும் பெண்களைச் சத்தியமங்கலம் வட்டாரத்தில் எங்கும் காணலாம். பறித்த பூ சத்தி பூ மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் பயணமாகிறது. அதன் காசு ஆத்தாளின் சுருக்குப்பைக்குத் திரும்பி வருகிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் மஞ்சள் விலை விழுந்து அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அன்று அவிழ்ந்தது அந்தச் சுருக்குப்பைதான். தன் கையில் காசில்லாத கிழவியாக ஆத்தாள் இருந்திருந்தால் ஆசி மட்டுமே கொடுத்திருப்பாள்!

இரும்புப் பெட்டி

சாளையின் அருமையை முழுமையாக எனக்குக் காட்டியது என் அத்தையின் வருகை. நான் சிறுமியாக இருந்தபோது அத்தையின் கணவர் இறந்துபோனார். புகுந்த வீட்டில் இருக்க முடியாத நிலை. ஒரு நாள் மாலை இரும்புப் பெட்டி ஒன்றோடு வாசலில் வந்து நின்றார். பெரிய வீட்டுக்குள் போவதா, வேண்டாமா என்று அவர் தயங்கிய அந்த நேரத்தில், சாளைக் கதவைத் திறந்து "இங்க வா சாமி" என்றாள் ஆத்தாள். அவ்வளவுதான். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் தங்கைக்கு இடமுண்டா என்ற கேள்வியே எழாமல் அந்தச் சின்ன வீடு காத்தது. இன்று சாய்ப்பில் அத்தையின் தையல் எந்திரம் ஓடுகிறது. அதன் பக்கத்தில் பாய் விரித்துத்தான் நான் தேர்வுக்குப் படிக்கிறேன்.

எல்லாப் பெண்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. தாராபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட 'நாகம்மாள்' நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள். கொழுந்தன் குடும்பத்தோடு வாழும் ஒரு விதவை தனக்குரிய பாகத்தைக் கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. தனக்கென ஓர் இடம் இல்லாத பெண்ணின் ஏக்கம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு அந்தக் கதை ஓர் எச்சரிக்கை.

சேர்ந்து இருந்தும் தனித்து வாழும் வழியைத் தேடியவர்கள் நாம் மட்டுமல்லர். செட்டிநாட்டு வளவு வீடுகளில் மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறையும் தனிச் சமையலும் உண்டு. ஒரே முகப்பின் கீழ் பல அடுப்புகள். ஜப்பானியர் 'இன்க்யோ' என்று ஒரு வழக்கம் வைத்திருந்தனர். குடும்பப் பொறுப்பை வாரிசிடம் ஒப்படைத்த முதியவர், அதே வளாகத்தில் உள்ள சிறு வீட்டுக்குப் போய்விடுவார். ஜெர்மானிய உழவர்களோ 'ஆல்டன்டைல்' என்ற பெயரில் அதை ஒப்பந்தமாகவே எழுதிக்கொண்டார்கள். நிலத்தை மகனுக்குக் கொடுக்கும்போதே, தங்குவதற்கு இன்ன இடம், உண்பதற்கு இன்ன தானியம், எரிப்பதற்கு இவ்வளவு விறகு என்று எழுத்தில் வாங்கிவிடுவார்களாம். மகன்மேல் நம்பிக்கை இல்லாமலா? இல்லை, நம்பிக்கைக்கும் ஒரு நகல் இருக்கட்டும் என்றுதான்.

பத்திரம்

சென்ற ஆண்டு அப்பாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. பெரிய வீட்டையும் சாளையையும் ஒன்றாக இடித்துவிட்டு மொட்டைமாடி வைத்த காங்கிரீட் வீடு கட்டவேண்டும். அதில் ஆத்தாளுக்குக் குளியலறையோடு சேர்ந்த அறை ஒன்று ஒதுக்கவேண்டும். நல்ல எண்ணந்தான். தாயை வசதியாக வைத்துக்கொள்ள விரும்பும் மகனை யார் குறை சொல்ல முடியும்?

ஆத்தாள் ஒரே வரியில் பதில் சொன்னாள்: "ரூமுல படுத்துக்கலாங் கண்ணு, பொழைக்க முடியாது."

இயற்பியல் படிக்கிறவள் என்ற முறையில் நானும் என் பங்குக்குக் கொஞ்சம் பேசினேன். பகல் முழுவதும் வெயிலை வாங்கும் காங்கிரீட் தளம் அந்த வெப்பத்தை இரவில் உள்ளே இறக்கும். ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று மேலேறி வெளியே போய்விடும். கனமான மண் சுவர் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் என்றெல்லாம் விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரையான் அரிக்கறதுக்கு உங்க புஸ்தகத்துல என்ன எழுதியிருக்குது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை!

இந்த உரையாடல்களின்போதெல்லாம் அத்தை மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தையல் எந்திரத்தின் ஓசை மட்டும் நின்று நின்று கேட்டது.

வீடு கட்டக் கடன் வாங்குவதற்காகப் பழைய பத்திரங்களை எடுத்து என்னிடம் கொடுத்தார் அப்பா. எங்கள் வீட்டில் அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அப்பாரு எழுதி வைத்த செட்டில்மெண்ட் பத்திரம் அதில் இருந்தது. நிலமும் வீடும் மகனுக்கு. சாளையில் குடியிருக்கும் உரிமையும், எருமையும், கிணற்றோரத்துத் துண்டின் வருமானமும் மனைவிக்கு, அவள் ஆயுட்காலம் வரை. கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த என் அப்பாரு, ஜெர்மனியைப் பற்றிக் கேள்விப்பட்டிராத அந்த மனிதர், அதே ஏற்பாட்டைச் செய்திருந்தார்! பெருமையால் என் நெஞ்சு நிறைந்தது. ஆனால் மறுமுறை படித்தபோது திடுக்கிட்டேன். ஆத்தாளின் ஆயுட்காலம் வரை, அதற்குப் பிறகு? அத்தையின் பெயர் அதில் எங்குமே இல்லை.

நம் நாட்டுச் சட்டங்கள் இந்த வழியில் மெல்ல மெல்ல நடந்து வந்திருக்கின்றன. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் வாரிசுரிமை கொடுத்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்கும்படி, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, அவள் கேட்க முடியாது என்று தடுத்தது. மணமாகாதவளோ, கணவனைப் பிரிந்தவளோ, விதவையோ ஆனால் அங்கே குடியிருக்கலாம் என்று மட்டும் அனுமதித்தது. 1989இல் தமிழ்நாடு தன் திருத்தத்தின் மூலம், அதற்குமுன் மணமாகிவிட்டவர்கள் நீங்கலாக, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு தந்தது. 2005இல் நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது. வீட்டைப் பற்றிய பழைய தடையும் நீங்கியது. 2007இல் பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுவதற்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. இத்தனை இருந்தும், ஒருவர் தமக்குரிய சொத்தைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், பெயர் விட்டுப்போனவருக்கு அன்பைத் தவிர வேறு பிடிமானம் பெரிதாக இல்லை.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன், "ஆத்தாளுக்குப் பொறகு அத்தைக்கு எந்த எடமுங்கப்பா?"

"நா என்ன, எம் பொறந்தவளுக்குச் சோறு போடாமயா போயிருவன்?" என்று அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீங்க போடுவீங்கப்பா. தம்பி காலத்துல?"

அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து கட்டுத்தாரைக்குப் போய் மாடுகளுக்குத் தட்டு எடுத்துப் போட்டார். ஒரு வாரம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அளவு நாடாவோடு சாளையைச் சுற்றி நடந்தார். மறுநுனியைப் பிடித்துக்கொள்ள அத்தையைக் கூப்பிட்டார்.

இப்போது முடிவாகியிருப்பது இது: பெரிய வீட்டின் கரையான் பிடித்த பின்கட்டை மட்டும் இடித்துப் புதிதாகக் கட்டுவது, சாளையை அப்படியே விட்டு ஓடு மாற்றுவது, அதையும் அது நிற்கும் இடத்தையும், ஆத்தாளின் உரிமைக்குக் குறைவின்றி, அத்தையின் பெயருக்கு எழுதுவது. பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. எழுத்தருக்குக் கொடுக்க வேண்டிய விவரங்களை நான்தான் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கிழக்கு எல்லை, மேற்கு எல்லை, பொது வாசலில் நடக்கும் உரிமை, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை எதுவும் விட்டுப்போகாமல்.

நம் முன்னோர் முதியவளுக்கு அடுப்பைக் கொடுத்தார்கள், வருமானத்தைக் கொடுத்தார்கள், திரும்பி வந்த மகளுக்குக் கதவைத் திறந்தார்கள். அவை பொன்னான வழக்கங்கள். ஆனால் வழக்கம் மனிதர்களோடு மாறும், எழுத்து நிற்கும். அவர்கள் விட்டுச்சென்ற அந்த ஒரு வேலையைச் செய்து முடிக்கத்தான் நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் போன்று முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் தோழர்களே, தோழியரே! இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பீரோவிலோ தகரப் பெட்டியிலோ மடித்து வைத்திருக்கும் பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுவதும் படியுங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுகிற எல்லோருடைய பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வீட்டில் எல்லோரும் நலமாகவும் ஒற்றுமையாகவும் இருக்கும் இப்போதே கேளுங்கள்.