ஈம் கிராமத்துக் கல்லறைகள்

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்கள் டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை என்று படம் எடுத்து வருவார்கள். என் மகள் ஷெஃபீல்டில் இருப்பதால் எனக்குக் கிடைத்தது ஈம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், டார்பிஷயர் குன்றுகளுக்கு நடுவே, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். பெயரைக் கேட்டதும் நம் ‘ஈமச் சடங்கு’தான் ஞாபகம் வந்தது. தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் ஊரின் கதையும் சாவைப் பற்றியதே.

1665ல் லண்டனில் பிளேக். அங்கிருந்து இவ்வூர்த் தையற்காரருக்கு வந்த துணி மூட்டையில் தெள்ளுப்பூச்சிகளும் வந்தன என்கிறார்கள். அந்த வீட்டிலிருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாள் செப்டம்பரில் முதலில் இறந்தார். பிறகு வீடு வீடாகப் பரவியது.

1666 ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்து பதவி இழந்த தாமஸ் ஸ்டான்லியும், சமயக் கருத்து வேற்றுமையை ஒதுக்கிவிட்டுச் சேர்ந்து நின்றார்கள். நோய் அக்கம்பக்க ஊர்களுக்குப் போகக்கூடாது. யாரும் எல்லை தாண்டுவதில்லை என்று ஊர் முடிவு செய்தது. கோயிலைப் பூட்டிவிட்டுத் திறந்தவெளியில் வழிபட்டார்கள். இறந்தவர்களை வீட்டாரே புதைத்தார்கள்.

ஊர் எல்லையில் குழிகள் போட்ட ஒரு கல் இருக்கிறது. குழியில் வினிகர் ஊற்றிக் காசு போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் சாமான்களை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். அந்தக் குழிகளில் விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது.

மாதா கோயில் முற்றத்தில் ஆயிரம் வருடங்களுக்கும் மேற்பட்ட சாக்ஸன் சிலுவை நிற்கிறது. அதே முற்றத்தில் மாம்பெசனின் மனைவி கேத்தரினின் கல்லறை. ஊரடைப்புக்கு முன்பே பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, அவர் மட்டும் கணவரோடு தங்கி, ஆகஸ்டில் இறந்தார்.

ஊருக்கு வெளியே வயல் நடுவில் ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்த இடம். அவருக்கு நோய் வரவில்லை.

2020ல் எங்கள் தெருவில் தகரம் அடித்தபோது, நாலு தெரு தள்ளி இறந்த என் அக்காவின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது. ரைலியில் நின்றபோது அது போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஊருக்காக இருந்தார்கள் என்று சொல்வது சுலபம். அந்த ஆறு பிள்ளைகளை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் அக்கம்பக்கத்து ஊர்கள் பிழைத்தன. இரண்டும் உண்மைதான்.

ஈமில் இறந்தவர்கள் 260 பேர் என்பது கணக்கு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அவர்களை நினைத்து வழிபாடு நடக்கிறது. அந்தப் பக்கம் போனால் ரைலிவரை நடந்து போய் வாருங்கள். சற்று ஏற்றம், கைத்தடி இருந்தால் நல்லது.