பெட்டியில் கிடந்த ஃபோர்க்

நானே கட்டிய ஆர்வி-6ஏ விமானத்துக்கு மாற்ற வேண்டிய மூக்குச் சக்கர ஃபோர்க் ஹேங்கரில் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதே விமானத்தில் அடுத்தவர் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பறந்தேன். விபத்து நடக்கவில்லை. அதனால் நான் செய்தது சிறிதாகிவிடாது.

இந்த ரகத்தில் மூக்குச் சக்கரத்தைத் தாங்குவது ஒற்றை எஃகுத் தண்டு. என்ஜின் மவுண்டிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து இறங்கும். அதன் அடியில் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் நட், சக்கரத்துக்கு முன்னால், தரையை ஒட்டி நிற்கும். புல்தரை ஓடுபாதையில் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் தண்டு வளைந்து நட் மண்ணைக் குத்தும். குத்தினால் தண்டு பின்னால் மடங்கி விமானம் குப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குவார்; மேல்மூடி தரையோடு அழுந்திக் கிடக்கும். இப்படிச் சிலருக்கு நடந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தே இருந்தது.

இந்த விமானத்தின் கிட்டைத் தயாரித்த, ஓரிகனில் உள்ள வான்ஸ் நிறுவனம் 2007 நவம்பரில் இதற்கு சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டது. புது ஃபோர்க்கில் நட் சுமார் ஓர் அங்குலம் மேலே ஏறிவிடும். ஆனால் தண்டைக் கழற்றி அனுப்பி, அடியைக் குறைத்து, மரையைப் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டும். அதுவரை பறக்க முடியாது. மழை விட்டு வானம் தெளியும் கோடையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். குளிர்காலமும் போயிற்று.

அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கு அந்த புல்லட்டின் சட்டக் கட்டாயம் அல்ல. கட்டியவன் என்பதால் ஆண்டுப் பரிசோதனைக்குக் கையெழுத்திடும் உரிமையும் எனக்கே இருந்தது. பாதுகாப்பாக இயக்கத்தக்க நிலையில் உள்ளது என்று லாக்புக்கில் என் கையால் எழுதினேன். அப்போதும் பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் பறக்க ஆசைப்பட்டாள். இது அமெச்சூர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியதல்ல என்ற எச்சரிக்கை அட்டை காக்பிட்டில் ஒட்டியிருக்கும், ஒட்டுவது சட்டம். அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். அந்த அட்டை அமெச்சூர் கட்டிய எல்லா விமானத்துக்கும் பொது. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது என் விமானத்தின் ஃபோர்க்கைப் பற்றி. இறங்கும்போது மூக்கைச் சீக்கிரம் விட்டுவிட்டேன், சக்கரம் ஒரு மேட்டில் இடித்தது. அவள் சிரித்தாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் தண்டைக் கழற்றினேன். பழைய நட்டின் அடி உரசிப் பளபளத்தது, அதன் காட்டர் பின்னில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. எந்தத் தரையிறக்கத்தில் பட்டது என்று சொல்ல முடியாது. அவள் உட்கார்ந்திருந்த நாளாக இருந்திருக்கலாம்.

அவள் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புது ஃபோர்க் அன்றைக்கு எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். ஹேங்கரிலேயே இருந்தது என்றேன். அதன் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து யாரும் என்னோடு பறக்க வரவில்லை. வாருங்கள் என்று நானும் கேட்கவில்லை.