வெள்ளாடும் நானும்

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் ஆடு மேய்க்கத்தான் போவாய்" என்று என் கணக்கு வாத்தியார் அடிக்கடி ஆசி வழங்குவார். நானும் பயந்து ஒழுங்காகவே படித்தேன். பி.எஸ்ஸி. தேறினேன், இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து வந்து இங்கே எம்.எஸ்ஸி.யிலும் சேர்ந்தேன். முடிவில், ஊசியும் கையுமாக யமுனைக் கரையில் ஆட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். வாத்தியார் தீர்க்கதரிசிதான்.

"ஆட்டுப் பாலில் அப்படி என்னப்பா ஆராய்ச்சி?" என்று நம் சங்கத்து நண்பர்கள் சாப்பாட்டு மேஜையில் கேலி செய்கிறார்கள். அவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலைத் திரித்தால் கட்டியாகச் சேர்கிறதே, அந்தப் புரதத்துக்குக் கேசின் என்று பெயர். அது நால்வகைப்படும். நான்கையும் உண்டாக்கும் ஜீன்கள் ஆட்டின் 6-வது குரோமோசோமில், ஒரே தெருவின் ஒட்டுவீடுகளைப் போல, அடுத்தடுத்துக் குடியிருக்கின்றன. அவற்றுள் ஆல்பா எஸ்-1 கேசின் என்பவர்தான் விசித்திரப் பேர்வழி. ஆட்டுக்கு ஆடு வேஷம் மாறுவார். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஓர் எழுத்து. ஏ, பி, சி என்பவை தாராள வகைகள். தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக வந்த இரு பிரதிகளில் ஒவ்வொன்றும் லிட்டருக்கு ஏறக்குறைய 3.6 கிராம் புரதம் தரும். ஈ நடுத்தரம். எஃப் சுத்தக் கஞ்சன். அரைக் கிராம் அளவில் கையை மூடிக்கொள்வான். ஒன்றுமே கொடாத சூன்ய வகையும் உண்டு.

எஃப் கஞ்சனான கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. அந்த ஜீனின் 9-வது பகுதியில் ஒரே ஓர் எழுத்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான். செய்தியை வெட்டி ஒட்டும் உயிரணு அங்கே தடுமாறி, 9, 10, 11 ஆகிய மூன்று பகுதிகளையும் விட்டுவிட்டு ஒட்டிவிடுகிறது. 199 அமினோ அமிலங்கள் இருக்கவேண்டிய புரதத்தில் 37 குறைந்து 162 ஆகிவிடுகிறது. அச்சுக் கோப்பவர் ஓர் எழுத்தை விட்டதற்காக ஒரு பத்தியே காணாமற் போனதைப் போல! (நம் மலரின் ஆசிரியர் மன்னிக்க.)

1980-களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் தங்கள் ஆல்பைன், ஸானென் ஆடுகளில் இந்த வகைகளைப் பிரித்தறிந்தார்கள். அந்நாட்டில் ஆட்டுப் பால் பெரும்பாலும் சீஸாகிறது. கேசின் மிகுந்தால் சீஸ் மிகும். ஆகவே ஏ எழுத்துக் கிடாய்களுக்கு ஏக மரியாதை. நம் நாட்டு ஆடுகளிலோ ஏ, பி வகைகளே மலிந்திருக்கின்றன, எஃப் அரிது. அரிது என்றால் மாணவனுக்கு நாக்கில் நீர் ஊறாதா?

எடாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட பூமிதான் ஜமுனாபாரி ஆட்டின் தாயகம். வளைந்த மூக்கும், தொங்கும் நீண்ட காதும், பின்தொடையில் அடர்ந்த மயிருமாக ஜமீன்தாரைப் போல நிற்கும். அங்கே ஒரு சிற்றூரில் நான்கு ஆடுகள் வைத்திருக்கும் ஒரு மூதாட்டி எனக்கு ரத்தம் எடுக்க அனுமதி கொடுத்தாள். நான் அவளை "மாஜி" என்பேன். அவள் என்னை "பேட்டா" என்பாள். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அதற்குமேல் உறவு கொண்டாட முடியாது.

இரண்டு மாதம் கழித்து, அவளுடைய ஆடு ஒன்றின் மாதிரியில் எஃப் பட்டைகள் ஜெல்லில் பளிச்சென்று தெரிந்தன. அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுமுறை ஊருக்குப் போனபோது, "என் ஆடுகள் எப்படி?" என்று கேட்டாள். மூன்றும் அருமை என்றேன். நான்காவதைக் காட்டி, "இது கம்ஜோர்" என்றேன். எங்கள் புத்தகத்தில் எஃபுக்குப் 'பலவீன வகை' என்றே பெயர். அகராதிப்படி நான் சொன்ன ஹிந்திச் சொல்லில் பிழையில்லை. ஆனால், ஆடு நோஞ்சான் என்று பட்டணத்துப் பரிசோதனையில் தெரிந்துவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள். அடுத்த சந்தையில் அதை விற்றுவிட்டாள்.

இது தெரியாமல் நான் இங்கே பரிசோதனையைத் திரும்பச் செய்தேன். எஃப் இல்லை. புதிய டி.என்.ஏ. எடுத்து மறுபடியும் பார்த்தேன். இரண்டு பிரதியும் சுத்த ஏ! முதலில் நான் பார்த்தது, ஒப்பு நோக்க வைத்திருந்த எஃப் ஆட்டின் மாதிரி. அதன் எண் 17. மாஜியின் ஆட்டின் எண் 11. என் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் இரட்டைப் பிள்ளைகள். பேராசிரியர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை, "சீட்டு எழுதியது யார்?" என்று மட்டும் கேட்டார்.

எஃப் ஆகவே இருந்தாலுந்தான் என்ன? மாஜி சீஸ் செய்பவளா? அவள் வீட்டுப் பால் தேநீருக்கும் பேரப்பிள்ளைக்கும் போகிறது. நால்வரில் அதுதான் நாளைக்கு ஒன்றரை லிட்டர் கறந்தது. பிரெஞ்சுக்காரனின் சீஸ் தொட்டிக்குச் சூட்டிய பெயரை அவளுடைய தொழுவத்தில் போய்ச் சொல்ல எனக்கு என்ன அவசியம்?

போய்ச் சொன்னேன். யார் வாங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வெகுநேரம் பேசாதிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு தேநீர் கொடுத்தாள், குடித்தேன். விலை வித்தியாசத்தைத் தருவதாகச் சொல்லி நான் நீட்டிய பணத்தைப் பேரனின் கையில் திணித்தாள், வேண்டாமென்று மறுக்கவில்லை.

விற்ற ஆட்டின் குட்டி ஒன்று தொழுவத்தில் இருந்தது. அதன் ரத்தம் கிடைக்குமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டு அவளே குட்டியைப் பிடித்துக்கொண்டாள். "எண்ணை இங்கேயே எழுது, பேட்டா" என்றாள். எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் பேரனைக் கூப்பிட்டு, குழாயை அவனிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னாள்.