சுழலும் துளி: நோட்டுக் குறிப்புகள்

1 மி.மீ. ஆரமுள்ள தண்ணீர்த் துளி. பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். அதன் இருமடங்கை ஆரத்தால் வகுத்தால், சுழலாத துளிக்குள் இருக்கும் கூடுதல் அழுத்தம் கிடைக்கும்: 144 பாஸ்கல். ஆரம் 1 செ.மீ. என்றால் 14.4 மட்டுமே. பெரிய துளியின் பிடி தளர்வானது.

*

முதல் நாள் செய்த தவறு இது. துளியின் நடுக்கோட்டில் ஓர் இடத்தைக் குறித்து, மையவிலக்கு விசைக்கு ஓர் அம்பு, பரப்பு இழுவிசைக்கு எதிர் அம்பு போட்டுக் கழித்தேன். விடை வந்தது, அதற்குப் பொருள் இல்லை. பரப்பு உள்நோக்கி அழுத்தும் அளவு அதன் வளைவைப் பொறுத்தது. அந்த வளைவை மாற்றுவதே சுழற்சிதான். உருவம் தெரியாமல் விசை தெரியாது, விசை தெரியாமல் உருவம் தெரியாது. இரண்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

துளியோடு நாமும் சுழல்வதாக வைத்துக்கொண்டால் வழி திறக்கிறது. உள்ளே எல்லாம் அசையாமல் நிற்கும். அச்சிலிருந்து விலக விலக அழுத்தம் ஏறும்: அடர்த்தி, கோண வேகத்தின் வர்க்கம், தூரத்தின் வர்க்கம், மூன்றின் பெருக்கலில் பாதி. பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு அதைத் தாங்க வேண்டும். ஆகவே நடுக்கோட்டில் வளைவு இறுகுகிறது, துருவங்கள் தட்டையாகின்றன.

*

0.559.

இழுவிசையின் 8 மடங்கை, அடர்த்தியும் ஆரத்தின் கனமும் பெருக்கிய தொகையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒரு கோண வேகம் வரும். அதில் 0.559 பங்கு வரை துளி வட்டம் கெடாமல் தட்டையாகும். அதைத் தாண்டினால் நிலக்கடலைக் காய் போல இருபுறமும் நீளும். 1 மி.மீ. துளிக்கு அது நொடிக்கு 67 சுற்று, 1 செ.மீ. துளிக்கு 2 சுற்றுக்குக் கொஞ்சம் மேல், கண்ணாலேயே எண்ணிவிடலாம். எந்த அளவுத் துளிக்கும் அதே 0.559 என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்கவில்லை.

*

1965-இல் சுழலும் துளியின் நிலைத்தன்மையை ஆராய்ந்து கட்டுரை எழுதியவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், விண்மீன்களைக் கணக்கிட்டவர். விண்மீனைப் பிடித்து வைத்திருப்பது ஈர்ப்பு, துளியைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு. சுழன்றால் எதுவரை தாங்கும் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றே.

*

1 செ.மீ. துளியின் உச்சிக்கும் அடிக்கும் இடையே பூமியின் ஈர்ப்பு தரும் அழுத்த வேறுபாடு 196 பாஸ்கல். பரப்பின் 14.4 பாஸ்கல் அதை எப்படித் தாங்கும்? ஈர்ப்பை விலக்கியாக வேண்டும். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாத்தோ 1843 வாக்கில், அதே அடர்த்தியுள்ள சாராய–தண்ணீர்க் கலவைக்குள் ஒலிவ எண்ணெயை மிதக்கவிட்டுச் சுழற்றினார். அழகான வழி. ஆனால் சுற்றியுள்ள திரவமும் இழுபட்டுச் சுழலும். தனித்த துளியின் கணக்கு அங்கே பொருந்தாது.

1985-இல் சேலஞ்சர் விண்கலத்தில் டெய்லர் வாங் துளிகளை ஒலி அலைகளால் பிடித்துச் சுழற்றினார். கருவி முதலில் இயங்கவில்லை, விண்ணிலேயே பழுதுபார்த்தார்.

*

தண்ணீரோடு கிளிசரின் கலந்த துளிகளையும் வாங் எடுத்துக்கொண்டது ஏன்? சீராகச் சுழலும் துளியில் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசுவதில்லை, பாகுநிலைக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் சுழற்சி நடுவரை போய்ச் சேர அதுதான் வேண்டும். 1 செ.மீ. தண்ணீர்த் துளியில் அதற்கு ஏறத்தாழ 100 நொடி. தனிக் கிளிசரினுக்குப் போட்டுப் பார்த்தேன்: துளி நீளத் தொடங்கும் வேகம் நொடிக்கு 1.8 சுற்று, தண்ணீரை ஒட்டியேதான். சுழற்சி உள்ளே பரவும் நேரமோ நொடியில் பத்தில் ஒரு பங்கு.